நெட் வரலன்னா ரீசெட் பட்டன்தான் ஒரே வழியா? ரவுட்டருக்குள் இருக்கும் குட்டி லினக்ஸ்... ஃபயர்வால் செட்டிங் முதல் கோளாறு கண்டுபிடிப்பது வரை முழு விவரம்!

வீட்டில் நெட் நின்றுபோனால் நாம் செய்யும் முதல் வேலை, ரவுட்டரை ஆஃப் செய்து ஆன் செய்வது. அதிலும் வரவில்லை என்றால் குண்டூசி எடுத்து ரீசெட் பட்டனை அழுத்துவது. அதற்குப் பிறகு பாஸ்வேர்டு உட்பட எல்லா செட்டிங்கும் அழிந்துபோய், கனெக்‌ஷன் கொடுத்தவர் வரும்வரை வீடே காத்திருக்கும்.

ஆனால், அலமாரி மேல் விளக்கு மின்னிக்கொண்டிருக்கும் அந்தச் சின்னப் பெட்டி, உண்மையில் ஒரு கம்ப்யூட்டர். அதற்கென்று பிராசஸர், மெமரி, ஆப்பரேட்டிங் சிஸ்டம் எல்லாம் உண்டு. பெரும்பாலான பெட்டிகளில் ஓடுவது லினக்ஸ். அதை நம் கட்டுப்பாட்டில் வைத்துக்கொள்ள உதவும் இலவச மென்பொருள்தான் ‘ஓபன் டபிள்யூஆர்டி’.

அதை எப்படி செட் செய்வது, ஃபயர்வால் எப்படி வேலை செய்கிறது, நெட் வரலன்னா எங்கிருந்து தேட ஆரம்பிக்க வேண்டும்? விரிவாகப் பார்க்கலாம்.

முக்கிய அம்சங்கள்

• அப்டேட் வராத பழைய ரவுட்டர், வீட்டு நெட்வொர்க்கின் பலவீனமான இடம்.
• ஃபயர்வால் செட்டிங்கில் குழப்பம் வருவது பெரும்பாலும் ‘இன்புட்’, ‘ஃபார்வேர்டு’ என்ற இரண்டு வார்த்தைகளில்தான்.
• நெட் நின்றால் கேபிள், ஐபி முகவரி, வெளி இணைப்பு, டிஎன்எஸ் என்று வரிசையாகப் பார்த்தால், கோளாறு எந்த இடத்தில் என்று தெரிந்துவிடும்.
• தப்பான செட்டிங் போட்டு வெளியே மாட்டிக்கொண்டாலும், ‘ஃபெயில்சேஃப்’ வழியாக உள்ளே போகலாம்.

ரவுட்டருக்குள் லினக்ஸ் வந்தது எப்படி?

2003-ம் ஆண்டு. லிங்க்சிஸ் நிறுவனத்தின் ‘டபிள்யூஆர்டி54ஜி’ என்ற நீல நிற வைஃபை ரவுட்டர் உலகம் முழுவதும் விற்றுக்கொண்டிருந்தது. அதற்குள் இருப்பது லினக்ஸ் என்பதை சில மென்பொருள் ஆர்வலர்கள் கண்டுபிடித்தார்கள்.

லினக்ஸ் ‘ஜிபிஎல்’ என்ற உரிமத்தின் கீழ் வருவது. அதைப் பயன்படுத்தி ஒரு பொருளை விற்றால், அந்த நிரலின் மூலத்தையும் கேட்பவர்களுக்குக் கொடுத்தாக வேண்டும். அதே ஆண்டில்தான் சிஸ்கோ நிறுவனம் லிங்க்சிஸை வாங்கியிருந்தது. அழுத்தம் அதிகரிக்க, மூல நிரல் வெளியிடப்பட்டது.

அதை அடித்தளமாக வைத்து 2004-ல் தொடங்கியதுதான் ஓபன் டபிள்யூஆர்டி திட்டம். பெயரில் இருக்கும் ‘டபிள்யூஆர்டி’ அந்த ரவுட்டரின் பெயரிலிருந்து வந்தது. 2016-ல் ஒரு குழு பிரிந்துபோய் ‘லீட்’ என்ற பெயரில் தனியாக இயங்கியது. 2018 ஜனவரியில் இரு தரப்பும் மீண்டும் ஒன்றாகின. 2024 இறுதியில் ‘ஓபன் டபிள்யூஆர்டி ஒன்’ என்ற பெயரில், இந்த மென்பொருளுக்கென்றே வடிவமைத்த ரவுட்டரும் விற்பனைக்கு வந்தது.

நல்லாத்தானே ஓடுது... எதுக்கு மாத்தணும்?

நியாயமான கேள்வி. விளக்கு எரியுது, நெட் வருது, அப்புறம் என்ன? இதற்குப் பதிலாக இரண்டு சம்பவங்கள்.

ஒன்று, 2016-ல் பரவிய ‘மிராய்’. வாங்கியபோது இருந்த பாஸ்வேர்டை மாற்றாமல் விட்ட கேமராக்களையும் ரவுட்டர்களையும் தேடிப்பிடித்துக் கைப்பற்றிய வைரஸ் இது. அந்த ஆண்டு அக்டோபர் 21-ம் தேதி, இப்படிப் பிடிபட்ட கருவிகள் எல்லாம் சேர்ந்து ‘டைன்’ என்ற டிஎன்எஸ் நிறுவனத்தைத் தாக்கின. ட்விட்டர், நெட்ஃபிளிக்ஸ் போன்ற தளங்களே பல மணி நேரம் தடுமாறின. தாக்கியது யாரோ ஒருவர்தான். ஆனால் ஆயுதமாக மாறியது சாதாரண வீடுகளில் இருந்த பெட்டிகள். அதன் உரிமையாளர்களுக்கு அது தெரியவே தெரியாது.

இரண்டு, 2018 மே மாதம் வெளியில் தெரிந்த ‘விபிஎன்ஃபில்டர்’. குறைந்தது 54 நாடுகளில் சுமார் 5 லட்சம் ரவுட்டர்களும் சேமிப்புக் கருவிகளும் பாதிக்கப்பட்டதாக சிஸ்கோவின் டாலோஸ் ஆய்வுக் குழு அறிவித்தது. ரவுட்டர்களை ரீபூட் செய்யும்படி அமெரிக்காவின் எஃப்பிஐ பொதுமக்களிடம் கேட்டுக்கொண்டது. ஆனால், ரீபூட் செய்தாலும் அந்த வைரஸின் முதல் பகுதி மட்டும் உள்ளேயே தங்கிவிடும் என்பதுதான் சிக்கலே.

போனுக்கு அப்டேட் வந்தால் நோட்டிஃபிகேஷன் வரும். ரவுட்டருக்கு அப்படி எதுவும் வராது. கம்பெனி சில ஆண்டுகளில் அப்டேட்டை நிறுத்தினாலும் பெட்டி பத்து வருடம் ஓடும். அந்த இடைவெளிதான் ஆபத்து. பேங்க் ஆப், பிள்ளைகளின் டேப்லெட், கடையில் இருக்கும் சிசிடிவி என எல்லாம் அந்தப் பெட்டி வழியாகத்தான் போகிறது.

உங்கள் ரவுட்டருக்குச் சரிப்படுமா?

எல்லா ரவுட்டரிலும் இதை ஏற்ற முடியாது. மூன்று விஷயங்களைப் பாருங்கள்.

1. மாடலும் வெர்ஷனும்: பெட்டியின் அடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் மாடல் பெயருக்குப் பக்கத்தில் வி1, வி2, வி3 என்று இருக்கும். பெயர் ஒன்றாக இருந்தாலும் வெர்ஷன் மாறினால் உள்ளே சிப் வேறு. ஓபன் டபிள்யூஆர்டி தளத்தில் இருக்கும் ஹார்டுவேர் பட்டியலில் உங்கள் வெர்ஷன் இருக்கிறதா என்று சரிபார்ப்பது அவசியம்.

2. மெமரி: 4 எம்பி ஃபிளாஷ், 32 எம்பி ரேம் கொண்ட பழைய பெட்டிகளுக்கு இப்போதைய பதிப்புகள் ஒத்துவராது. 16 எம்பி ஃபிளாஷ், 128 எம்பி ரேம் இருந்தால் நிம்மதி.

3. யாருடைய பெட்டி: ஃபைபர் கனெக்‌ஷனுடன் நிறுவனம் கொடுக்கும் ‘ஓஎன்டி’ பெட்டியில் கை வைக்க வேண்டாம். அது பெரும்பாலும் அவர்களுக்குச் சொந்தமானது. அதைத் தொடாமல், அதன் லேன் போர்ட்டிலிருந்து ஒரு கேபிள் எடுத்து உங்கள் சொந்த ரவுட்டரில் கொடுத்தால் போதும்.

ரவுட்டர்தான் வேண்டும் என்பதும் இல்லை. பழைய கம்ப்யூட்டரிலோ ராஸ்ப்பெரி பை போர்டிலோ கூட இது ஓடும். ராஸ்ப்பெரி பையில் ஒரே ஒரு நெட்வொர்க் போர்ட்தான் இருக்கும் என்பதால், யூஎஸ்பி வழியாக இன்னொரு போர்ட் சேர்க்க வேண்டியிருக்கும்.

இன்ஸ்டால் செய்யும்போது கவனிக்க வேண்டியவை

ரவுட்டரில் கம்பெனி மென்பொருள் இருக்கும்போது ஏற்ற வேண்டிய ஃபைல் ‘ஃபேக்டரி’. ஏற்கெனவே ஓபன் டபிள்யூஆர்டி இருக்கும் ரவுட்டரைப் புதுப்பிக்க ‘சிஸ்அப்கிரேட்’. இந்த இரண்டையும் மாற்றிப்போட்டால் சிக்கல். டவுன்லோடு செய்த ஃபைல் சரியானதுதானா என்பதை, தளத்தில் கொடுத்திருக்கும் ‘எஸ்ஹெச்ஏ256’ எண்ணோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

வைஃபையில் இருந்துகொண்டு இதைச் செய்யக் கூடாது. லேப்டாப்பிலிருந்து ரவுட்டரின் லேன் போர்ட்டுக்கு நேரடியாக கேபிள் போட்டுச் செய்ய வேண்டும். ஏற்றிக்கொண்டிருக்கும்போது கரன்ட் போனால் பெட்டி செங்கல் மாதிரி ஆகிவிடலாம். மின்வெட்டு வரும் நேரத்தைத் தவிர்ப்பதும், ரவுட்டரை யுபிஎஸ்-சில் போட்டுக்கொள்வதும் நல்லது. வாரன்டி போய்விடக்கூடும் என்பதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் நாளில் செய்ய வேண்டிய 5 செட்டிங்

இன்ஸ்டால் முடிந்ததும் பிரவுசரில் 192.168.1.1 என்று அடித்தால் ‘லூசி’ என்ற கன்ட்ரோல் பக்கம் திறக்கும். யூசர்நேம் ‘ரூட்’. பாஸ்வேர்டு எதுவும் இருக்காது. பொதுவாக வைஃபையும் ஆஃப் ஆகி இருக்கும். பயப்பட வேண்டாம், அது கோளாறு இல்லை. பாஸ்வேர்டு போடாத வைஃபை காற்றில் திறந்து கிடக்கக் கூடாது என்பதற்காகத்தான் அப்படி.

1. பாஸ்வேர்டு: ‘சிஸ்டம்’ மெனுவில் ‘அட்மினிஸ்ட்ரேஷன்’ போய் முதலில் பாஸ்வேர்டு போடுங்கள்.

2. முகவரியை மாற்றுங்கள்: இதைத்தான் பலரும் தவறவிடுகிறார்கள். பல ஓஎன்டி பெட்டிகளின் முகவரியும் 192.168.1.1-தான். ஒரே தெருவில் இரண்டு வீட்டுக்கு ஒரே கதவு எண் இருந்தால் தபால்காரர் என்ன செய்வார்? ரவுட்டரும் அப்படித்தான் குழம்பும். ‘நெட்வொர்க்’ மெனுவில் ‘இன்டர்ஃபேஸஸ்’, அதில் ‘லேன்’ என்பதைத் திறந்து 192.168.2.1 என்று மாற்றிவிடுங்கள். சேவ் செய்ததும் பழைய பக்கம் வேலை செய்யாது. கேபிளைக் கழற்றி மாட்டி, 90 விநாடிக்குள் புதிய முகவரியில் நுழைய வேண்டும். தவறினால் ரவுட்டர் தானாகப் பழைய நிலைக்குத் திரும்பிவிடும்.

3. வெளி இணைப்பு: ‘வேன்’ என்பது வெளியிலிருந்து நெட் வரும் பக்கம். ஓஎன்டி-யே எல்லா வேலையையும் செய்கிறது என்றால் ‘டிஹெச்சிபி கிளையன்ட்’ என்று விட்டுவிடலாம். ஓஎன்டி ‘பிரிட்ஜ்’ முறையில் இருந்தால், ‘பிபிபிஓஇ’ தேர்வு செய்து, நிறுவனம் கொடுத்த யூசர்நேம், பாஸ்வேர்டு போட வேண்டும். சில கனெக்‌ஷனுக்கு ‘விலேன்’ எண்ணும் தேவைப்படும். அதை நிறுவனத்திடமே கேட்டு வாங்குங்கள்.

4. வைஃபை: ‘வயர்லெஸ்’ பக்கத்தில் நாடு என்ற இடத்தில் இந்தியாவைத் தேர்வு செய்யுங்கள். எந்த சேனல், எவ்வளவு சக்தி என்பதை இதுதான் முடிவு செய்கிறது. பாதுகாப்புக்கு டபிள்யூபிஏ2 அல்லது டபிள்யூபிஏ3. பழைய பிரின்டர் இருக்கும் வீடுகளில் டபிள்யூபிஏ3 மட்டும் போட்டால் அது இணையாமல் போகலாம். இரண்டும் கலந்த முறை வசதி.

5. நேரம்: டைம் ஸோனை ‘ஏசியா/கொல்கத்தா’ என்று மாற்றுங்கள். இது ஏன் முக்கியம் என்பதைக் கீழே பார்ப்போம்.

எல்லாம் ஓட ஆரம்பித்ததும், ‘பேக்கப்’ பக்கத்தில் செட்டிங் முழுவதையும் ஒரு ஃபைலாக டவுன்லோடு செய்துவையுங்கள். அடுத்த முறை ரீசெட் செய்ய நேர்ந்தாலும் ஒரு நிமிடத்தில் பழைய நிலைக்கு வந்துவிடலாம். அந்த ஃபைலுக்குள் வைஃபை பாஸ்வேர்டு அப்படியே இருக்கும் என்பதால் யாருக்கும் வாட்ஸ்அப்பில் அனுப்ப வேண்டாம்.

ஃபயர்வால் எப்படி வேலை செய்கிறது?

பாடப்புத்தகத் தமிழில் ‘தீச்சுவர்’ என்பார்கள். ஆனால் இது வேலை செய்யும் விதத்தைப் பார்த்தால் சுவர் என்பதைவிட அபார்ட்மென்ட் வாசலில் இருக்கும் செக்யூரிட்டி என்பதே பொருத்தம்.

உள்ளே குடியிருப்பவர் வெளியே போகலாம். அவர் வரச் சொன்ன ஆள் என்றால் உள்ளே விடுவார். யாரும் கூப்பிடாமல் வருபவரைத் திருப்பி அனுப்பிவிடுவார். ரவுட்டரிலும் இதேதான். நீங்கள் ஒரு தளத்தைத் திறந்தால், அதற்கான பதில் உள்ளே வர அனுமதி உண்டு. வெளியிலிருந்து தானாக வரும் கோரிக்கைக்கு அனுமதி இல்லை.

ஓபன் டபிள்யூஆர்டி-யில் நெட்வொர்க்குகளை ‘ஸோன்’ என்று பிரிப்பார்கள். தொடக்கத்திலேயே ‘லேன்’, ‘வேன்’ என்று இரண்டு இருக்கும். ஒவ்வொரு ஸோனுக்கும் மூன்று கேள்விகள்.

• இன்புட்: இந்தப் பக்கத்திலிருந்து ரவுட்டரையே தொடர்புகொள்ள விடலாமா?
• அவுட்புட்: ரவுட்டர் இந்தப் பக்கம் பேசலாமா?
• ஃபார்வேர்டு: ரவுட்டர் வழியாகக் கடந்து போக விடலாமா?

செக்யூரிட்டியிடம் வந்து பேசுவது வேறு, அவரைத் தாண்டி மாடிக்குப் போவது வேறு. முதலாவது இன்புட், இரண்டாவது ஃபார்வேர்டு. இந்த வித்தியாசம் புரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. ஒரு ஸோனிலிருந்து இன்னொரு ஸோனுக்குப் போவதற்கான அனுமதியைத் தனியாகக் கொடுக்க வேண்டும் என்பதையும் சேர்த்து ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். விதிகள் மேலிருந்து கீழாகப் படிக்கப்படும். முதலில் எது பொருந்துகிறதோ அதுதான் செல்லும்.

2022 செப்டம்பரில் வந்த 22.03 பதிப்பிலிருந்து, உள்ளே இருக்கும் ஃபயர்வால் ‘ஐபிடேபிள்ஸ்’ முறையிலிருந்து ‘என்எஃப்டேபிள்ஸ்’ முறைக்கு மாறிவிட்டது. அதனால், இணையத்தில் கிடைக்கும் பழைய ஐபிடேபிள்ஸ் வரிகளை அப்படியே காப்பி அடித்தால் வேலை செய்யாமல் போக வாய்ப்பு அதிகம். லூசி பக்கம் வழியாக விதிகளைச் சேர்ப்பதே பாதுகாப்பு.

கேமராவுக்கும் டிவிக்கும் தனி அறை

மிராய் சம்பவம் சொல்லும் பாடம் இதுதான்: மலிவு விலை கேமராவையும் உங்கள் லேப்டாப்பையும் ஒரே அறையில் வைக்காதீர்கள். விருந்தினருக்கும் இதுவே பொருந்தும்.

செய்ய வேண்டியது: ‘கெஸ்ட்’ என்று புதிய இன்டர்ஃபேஸ் ஒன்றை உருவாக்கி 192.168.3.1 என்று முகவரி கொடுங்கள். அதில் டிஹெச்சிபி சர்வரை ஆன் செய்யுங்கள். புதிய வைஃபை பெயர் ஒன்றை உருவாக்கி இதனுடன் இணையுங்கள். ஃபயர்வாலில் ‘கெஸ்ட்’ ஸோன் சேர்த்து, இன்புட் ‘ரிஜெக்ட்’, ஃபார்வேர்டு ‘ரிஜெக்ட்’ என்று வைத்து, வேன் பக்கம் போக மட்டும் அனுமதி கொடுங்கள்.

இங்கேதான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். எல்லாம் செய்தபிறகு போனை இணைத்தால், ‘ஐபி முகவரி பெறுகிறது’ என்று சுற்றிக்கொண்டே இருக்கும். காரணம், போன் முகவரி கேட்பது ரவுட்டரிடம். நாம்தான் இன்புட்டை மூடிவிட்டோமே! அதனால் இரண்டு விதிவிலக்கு தேவை. கெஸ்ட் பக்கத்திலிருந்து ரவுட்டருக்கு யுடிபி 67-ம் போர்ட் டிஹெச்சிபி-க்காக. டிசிபி, யுடிபி இரண்டிலும் 53-ம் போர்ட் டிஎன்எஸ்-க்காக. இந்த இரண்டையும் திறந்தால் சரியாகிவிடும்.

உங்கள் போனிலிருந்து கேமராவைப் பார்க்க வேண்டும் என்றால், லேனிலிருந்து கெஸ்டுக்குப் போக அனுமதி கொடுத்தால் போதும். கேமரா தரும் பதில் தானாக வந்து சேரும். ஆனால், கேமரா தானாக உங்கள் லேப்டாப்பைத் தேடி வர முடியாது.

நெட் வரல... எங்கிருந்து தேடுவது?

முதல் விதி: ஒரே நேரத்தில் பத்து செட்டிங்கை மாற்றாதீர்கள். எது சரிசெய்தது, எது கெடுத்தது என்றே தெரியாமல் போகும். கீழிருந்து மேலாக, ஒவ்வொரு படியாக வாருங்கள்.

படி 1 - விளக்கு: ஓஎன்டி பெட்டியில் ‘எல்ஓஎஸ்’ என்ற விளக்கு சிவப்பாக எரிந்தால் ஃபைபரில் சிக்னல் வரவில்லை என்று அர்த்தம். உங்கள் ரவுட்டரில் என்ன மாற்றினாலும் பயனில்லை. நேராக கஸ்டமர் கேருக்கு போன் போடலாம்.

படி 2 - லேப்டாப்புக்கு முகவரி கிடைத்ததா: 192.168.2 என்று தொடங்கினால் சரி. 169.254 என்று தொடங்கினால் ரவுட்டரிடமிருந்து முகவரியே கிடைக்கவில்லை. கேபிள், போர்ட், டிஹெச்சிபி சர்வர் ஆகியவற்றைப் பாருங்கள்.

படி 3 - ரவுட்டருக்கு வெளி முகவரி இருக்கா: லூசியின் ‘ஓவர்வியூ’ பக்கத்தில் வேன் பக்கம் முகவரி காட்டுகிறதா என்று பாருங்கள். பிபிபிஓஇ கனெக்‌ஷன் என்றால் ‘சிஸ்டம் லாக்’ திறந்து படிக்க வேண்டும். ‘ஆதென்டிகேஷன் ஃபெயில்டு’ என்று இருந்தால் யூசர்நேம் அல்லது பாஸ்வேர்டு தப்பு. ‘பிஏடிஓ’ பேக்கெட்டுக்காகக் காத்திருந்து டைம்அவுட் ஆனதாக இருந்தால், நீங்கள் கூப்பிட்டும் எதிர்ப்பக்கம் யாரும் பதில் சொல்லவில்லை. அப்போது பாஸ்வேர்டை மாற்றிப் பயனில்லை. கேபிள், விலேன் எண், ஓஎன்டி பிரிட்ஜ் முறையில் இருக்கிறதா என்பதைத்தான் சரிபார்க்க வேண்டும்.

படி 4 - எண்ணைக் கூப்பிட்டுப் பாருங்கள்: ‘நெட்வொர்க்’ மெனுவில் ‘டயக்னாஸ்டிக்ஸ்’ பக்கத்தில் 8.8.8.8 என்ற முகவரிக்கு பிங் கொடுங்கள். அடுத்து அதையே லேப்டாப்பிலிருந்து செய்யுங்கள். ரவுட்டரிலிருந்து போகிறது, லேப்டாப்பிலிருந்து போகவில்லை என்றால் சிக்கல் நடுவில்தான். லேன் - வேன் ஃபார்வேர்டு அனுமதி, வேன் ஸோனில் ‘மாஸ்கரேடிங்’ டிக் ஆகிய இரண்டையும் பாருங்கள். புதிதாக இன்டர்ஃபேஸ் சேர்த்தவர்கள் அதை எந்த ஸோனிலும் சேர்க்காமல் விடுவதும் இதற்கு ஒரு பொதுவான காரணம்.

படி 5 - பெயரைக் கூப்பிட்டுப் பாருங்கள்: எண் வேலை செய்கிறது, ஆனால் எந்தத் தளமும் பெயர் சொன்னால் திறக்கவில்லை என்றால் டிஎன்எஸ் கோளாறு. வேன் இன்டர்ஃபேஸில் வேறு டிஎன்எஸ் முகவரி கொடுத்துப் பாருங்கள்.

கரன்ட் போய் வந்த பிறகு மட்டும் இந்தப் பிரச்னை என்றால் கடிகாரத்தைப் பாருங்கள். பெரும்பாலான ரவுட்டரில் கடிகாரத்துக்கு பேட்டரி கிடையாது. ஆன் ஆனதும் நெட்டில்தான் நேரம் கேட்டுக்கொள்ளும். மறைகுறியாக்கப்பட்ட டிஎன்எஸ் பயன்படுத்துபவர்களுக்கு, நேரம் தப்பாக இருந்தால் டிஎன்எஸ் வராது. டிஎன்எஸ் வராவிட்டால் நேரம் கேட்க முடியாது. இந்தச் சுழலை உடைக்க, நேரம் கொடுக்கும் சர்வரைப் பெயருக்குப் பதிலாக எண்ணாகக் கொடுக்கலாம்.

படி 6 - சில தளம் மட்டும் திறக்கலையா: ஒரு தளம் பறக்கிறது, இன்னொன்று சுற்றிக்கொண்டே இருக்கிறது என்றால் பேக்கெட் அளவில் சந்தேகம் வரலாம். சாதாரண நெட்வொர்க்கில் ஒரு பேக்கெட்டின் அளவு 1500 பைட். பிபிபிஓஇ அதில் 8 பைட்டைத் தனக்கு எடுத்துக்கொள்வதால் மிச்சம் 1492. அதைவிடப் பெரிய பேக்கெட் வழியில் தொலைந்துபோகும். ஃபயர்வாலில் வேன் ஸோனுக்கு ‘எம்எஸ்எஸ் கிளாம்பிங்’ டிக் செய்யப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

போர்ட் ஃபார்வேர்டு போட்டும் கேமரா வெளியிலிருந்து தெரியலையா?

ஊரில் இருக்கும் வீட்டையோ கடையையோ வெளியூரிலிருந்து பார்க்க நினைப்பவர்களுக்கு வரும் பிரச்னை இது. விதி சரியாகத்தான் இருக்கும். ஆனாலும் வேலை செய்யாது.

ரவுட்டரின் வேன் முகவரியைப் பாருங்கள். அது 100.64 முதல் 100.127 வரை தொடங்கினால், உங்களுக்குத் தனி பொது முகவரி இல்லை. நிறுவனம் ஒரே முகவரியைப் பல வீடுகளுக்குப் பங்கு போட்டுக் கொடுக்கிறது. இதற்கு ‘சிஜிநாட்’ என்று பெயர். வெளியிலிருந்து வரும் கோரிக்கை நிறுவனத்தின் வாசலிலேயே நின்றுவிடும். 192.168 அல்லது 10 என்று தொடங்கினால், உங்கள் ரவுட்டருக்கு முன்னால் இன்னொரு ரவுட்டர் இருக்கிறது. அது உங்கள் ஓஎன்டி என்றால், அதிலும் ஃபார்வேர்டு செய்ய வேண்டும் அல்லது அதை பிரிட்ஜ் ஆக்க வேண்டும்.

சிஜிநாட் என்றால் நிறுவனத்திடம் ஸ்டேட்டிக் ஐபி கேட்டு வாங்குவது ஒரு வழி. ஆனால், பொது முகவரி கிடைத்தாலும் கேமராவின் போர்ட்டை நேரடியாக இணையத்துக்குத் திறந்துவிடாதீர்கள். திறந்திருக்கும் போர்ட்டுகளைத் தேடும் நிரல்கள் இருபத்துநான்கு மணி நேரமும் இணையத்தில் சுற்றுகின்றன. ‘வயர்கார்டு’ போன்ற விபிஎன் ஒன்றை ரவுட்டரில் செட் செய்து, அதன் வழியாக வீட்டுக்குள் வந்து கேமராவைப் பார்ப்பதே சரியான முறை. அதேபோல், லூசி பக்கத்தை வெளியிலிருந்து திறக்கும்படி ஒருபோதும் வைக்காதீர்கள்.

உள்ளேயே போக முடியல... என்ன செய்யலாம்?

ஃபயர்வாலில் ஒரு தப்பான விதி போட்டு, நம்மையே வெளியே பூட்டிக்கொள்வது நடக்கக்கூடியதுதான். முதலில் 90 விநாடி காத்திருங்கள். லூசியில் செய்த மாற்றத்தால் தொடர்பு அறுந்தால், ரவுட்டர் தானாகப் பழைய செட்டிங்குக்குத் திரும்பும்.

அதிலும் வரவில்லையென்றால் ‘ஃபெயில்சேஃப்’. லேப்டாப்பை கேபிளில் இணைத்து, அதற்கு 192.168.1.2 என்ற முகவரியை நாமே கொடுக்க வேண்டும். ரவுட்டரை ஆஃப் செய்து ஆன் செய்து, விளக்கு மின்னத் தொடங்கும்போது பட்டனை அழுத்துங்கள். விளக்கு இன்னும் வேகமாக மின்னினால் உள்ளே வந்துவிட்டோம். நீங்கள் எந்த முகவரிக்கு மாற்றி வைத்திருந்தாலும், இந்த நிலையில் ரவுட்டர் 192.168.1.1-ல்தான் இருக்கும். எஸ்எஸ்ஹெச் வழியாக நுழைந்து, தப்பான செட்டிங்கை மட்டும் திருத்தலாம். முடியாவிட்டால் ‘ஃபர்ஸ்ட்பூட்’ கட்டளை கொடுத்து எல்லாவற்றையும் அழித்துத் தொடக்க நிலைக்கே கொண்டுபோகலாம்.

இது எப்படிச் சாத்தியம்? மூல மென்பொருள் மாற்ற முடியாத ஒரு பகுதியில் இருக்கும். நாம் செய்யும் மாற்றங்கள் அதன்மேல் போட்ட கண்ணாடித் தாள் மாதிரி தனி அடுக்கில் எழுதப்படும். தாளை எடுத்தால் அடியில் இருப்பது அப்படியே இருக்கும்.

அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இரவு 10 மணிக்கு மேல் பிள்ளைகள் போனில் நெட்டை நிறுத்த முடியுமா?
முடியும். ஃபயர்வால் விதியில் நேரத்தைக் குறிப்பிடலாம். ஆனால் மூன்று விஷயம். டைம் ஸோன் தப்பாக இருந்தால் ஐந்தரை மணி நேரம் தள்ளிப்போகும். ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் வீடியோ உடனே நிற்காமல் போகலாம். இப்போதைய போன்கள் தங்கள் ‘மேக்’ முகவரியை மாற்றிக் காட்டும் என்பதால், வீட்டு வைஃபைக்கு மட்டும் அந்த வசதியை போனில் ஆஃப் செய்ய வேண்டும்.

ஒருவர் டவுன்லோடு போட்டால் மற்றவரின் வீடியோ கால் உடைகிறதே?
‘எஸ்க்யூஎம்’ என்ற பேக்கேஜை ஏற்றிக்கொள்ளுங்கள். உங்கள் உண்மையான வேகத்தில் 80 முதல் 95 சதவீதம் வரை அதில் கொடுங்கள். வேகம் கொஞ்சம் குறையும். ஆனால் கால் உடையாது. பழைய பெட்டியாக இருந்தால் பிராசஸர் திணறலாம்.

ஐபிவி6 இருந்தால் ஃபயர்வால் தேவையா?
கண்டிப்பாகத் தேவை. ஐபிவி6-ல் ஒவ்வொரு கருவிக்கும் நேரடியாகப் பொது முகவரி கிடைக்கும். வெளியிலிருந்து வருவதைத் தடுப்பது ஃபயர்வால் மட்டும்தான். ஓபன் டபிள்யூஆர்டி தொடக்கத்திலேயே அதைச் செய்துவிடுகிறது. அதை ஆஃப் செய்யாமல் இருந்தால் போதும்.

அப்டேட் தானாக வருமா?
வராது. சில மாதங்களுக்கு ஒருமுறை நீங்களே பார்க்க வேண்டும். அப்டேட் செய்யும்முன் பேக்கப் எடுங்கள். கூடுதலாகப் போட்ட பேக்கேஜ்கள் அப்டேட்டில் போய்விடும் என்பதால், அவற்றின் பெயரை எழுதிவைத்துக்கொள்ளுங்கள்.

சொந்த ரவுட்டர் என்பது சொந்தப் பொறுப்பும்தான். கம்பெனி மென்பொருள் இருந்தபோது அப்டேட் வரவில்லை என்று அவர்களைக் குறை சொல்லலாம். இதை ஏற்றிய பிறகு, அப்டேட் செய்யாமல் விட்டால் அது நம் பொறுப்பு. ஆனால், அடுத்த முறை நெட் நின்றால் குண்டூசி தேட வேண்டியதில்லை. எல்ஓஎஸ் விளக்கிலிருந்து ஆரம்பித்து ஆறு படி பார்த்தால், கோளாறு நம் வீட்டிலா, நிறுவனத்தின் பக்கமா என்று தெரிந்துவிடும். கஸ்டமர் கேரில் ‘ரவுட்டரை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க’ என்று சொன்னால், கோளாறு எந்தப் படியில் இருக்கிறது என்று நீங்களே அவர்களுக்குச் சொல்லலாம்.